ஹமாஜி ரொகுஸோவின் சாவுப் படம்

ஒஸாகா, டோடொன்போரி நாடகத் தெரு
புன்ஸெய் ஒன்பதாம் ஆண்டு, இரண்டாம் மாதம் ஐந்தாம் நாள்

தங்கை மகள் கிவாவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே யார் யார் சுகமாக இருக்கிறார்கள், எதனால் சுகமாக இருக்கிறார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நீ வரைந்து ஜின்பெய் அச்சிட்டு விற்ற புத்தாண்டுப் படம் கைக்கு வந்தது. என் சீடன் டொமினோஜோ ஒப்பனை அறையில் வாளை ஓங்கிக்கொண்டு கண்ணை உருட்டுகிற படம். நல்ல படம். இவ்வளவு நல்ல படம் அவனுக்கு எதற்கு என்ற கவலையில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வாட்டிய விலாங்கு மீன் இறங்கியது, அது வேறு விஷயம்.

ஹமாஜி வீட்டுச் சின்னம் என்ன? வட்டத்துக்குள் நண்டு. வட்டம் யாருக்கு? ரொகுஸோ என்ற பெயரைச் சுமப்பவனுக்கு, அதாவது எனக்கு. சீடப்பிள்ளைகளுக்கு வட்டமில்லாத வெறும் நண்டு. இது ஊரறிந்த சட்டம். டொமினோஜோவின் சட்டைக் கையில் நீ வெறும் நண்டைத்தான் வரைந்திருக்கிறாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் பக்கத்தில் ஒரு வட்டக் கண்ணாடி ஏன் நிற்கிறது? அந்தக் கண்ணாடிக்குள் அவன் கை ஏன் தெரிகிறது? தெரிகிற கையில் நண்டு ஏன் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது? வட்டத்துக்குள் நண்டு. நான் உயிரோடு இருக்கும்போதே என் பெயரை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டாய். எடோ ஜனங்கள் குருடர்கள் அல்ல. படத்தில் ஒரு பூனை வாலைத் தூக்கியிருந்தால்கூட அது யாருடைய கள்ளக்காதலைச் சொல்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. என் பழைய படத்தை ஜின்பெய் புதுப் பலகையில் செதுக்கவைத்து மறுபடி அச்சடித்திருக்கிறான். முகத்தில் சிவப்புக் கோடு வீரனுக்கு, நீலக் கோடு துரோகிக்கு. பாலுக்கு அழும் குழந்தைக்கும் இது தெரியும். என் இடது கன்னத்துச் சிவப்பில் நீலம் கசிந்திருக்கிறது. இது யார் சொல்லி நடந்தது?

எல்லாவற்றையும் மன்னித்தாலும் இதை மன்னிக்க முடியாது: அதே படத்தில் என் வலது கால் சுண்டுவிரலை நேராக்கிவிட்டாய். மேடைப் பொறிக்கதவு விழுந்து கொக்கி மாதிரி வளைந்த விரல் அது. நான் கட்டைவிரலைத் தூக்கி, கழுத்தைச் சுழற்றி, அப்படியே உறைந்து நிற்கும்போது எடோவில் ஒருவனும் என் முகத்தைப் பார்க்கமாட்டான். அந்தச் சுண்டுவிரலைப் பார்த்துத்தான் "நண்டு வீட்டாரே" என்று கூரை பிய்ந்துபோகக் கத்துவான். ஒரு தடவை அந்தச் சத்தத்தில் சுமிதா ஆற்று மீன்கள் பயந்து கரையேறிவிட்டன. மீன்காரர்கள் இன்றும் என்னை வாழ்த்துகிறார்கள்.

கொட்டகை முதலாளி என் பெயர்ப் பலகையை இரண்டாவதாகத் தொங்கவிட்டதற்காக நான் எடோவை உதறிவிட்டு வந்து நாலு வருஷமாகிறது. இந்த நாலு வருஷத்தில் நீ எனக்கென்று ஒரு புதுப் படம் போட்டதில்லை. இப்போது போடு. இங்கே வசந்த நாடகத்தில், வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்படி கட்டளை பெற்ற பிரபுவாக வருகிறேன். வெளிர்நீல மரியாதை உடுப்பு, தோள் இரண்டும் சிறகு மாதிரி விரிந்தது. வெள்ளை விரிப்பு. விரிப்பின் நாலு மூலையிலும் கல்லறைக்கு வைக்கிற ஷிகிமிக் கிளை. அப்படியே வரை. நாடகத்தின் பெயரைப் போடாதே. என் முகம் இருக்கிற படத்தில் நாடகப் பெயர் எழுதுவது, ஃபுஜி மலையில் 'மலை' என்று சீட்டு ஒட்டுவது மாதிரி. மேலே இந்தக் கவிதை மட்டும் இருக்கட்டும்:

உதிரும் நேரம்
காற்றைக் கேட்கமாட்டேன்;
கிளையிடம் நானே சொல்லிக்கொள்வேன்.

டொமினோஜோவின்மேல் ஒரு கண் வை. வீட்டில் கையெழுத்துப் பழகுகிறானா, பழகினால் எந்தப் பெயரைப் பழகுகிறான் என்று எழுது.

கிழக்கிலும் மேற்கிலும் நிகரற்ற,
மூன்றாம் ஹமாஜி ரொகுஸோ


எடோ, நிஹொன்பாஷி
இரண்டாம் மாதம் இருபத்தோராம் நாள்

மாமாவுக்கு,

கண்ணாடி வட்டமாகத்தான் இருக்கும். ஒஸாகாவில் சதுரக் கண்ணாடி கிடைத்தால் அனுப்புங்கள், அடுத்த படத்தில் வைக்கிறேன். மேலும், உங்கள் நண்டு வலது கொடுக்கைத் தூக்கும். கண்ணாடியில் தெரிகிற நண்டு இடது கொடுக்கைத் தூக்குகிறது. ஆகவே அது உங்கள் நண்டு இல்லை. இவ்வளவு உற்றுப் பார்த்தவர் இதையும் பார்த்திருக்கலாம்.

நீலம், அச்சடிப்பவர் தூரிகையைக் கழுவாததால் வந்தது. அவருக்கு உங்கள்மேல் எந்தப் பகையும் இல்லை, குடித்திருந்தார்.

சுண்டுவிரலுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். நான் வளைவாகத்தான் வரைந்தேன். என் கை நடுங்கிவிட்டதென்று நினைத்துச் செதுக்குபவர் நேராக்கிவிட்டார். பெண் வரைந்தது என்றால் எல்லாருக்கும் திருத்தத் தோன்றுகிறது.

டொமினோஜோ வீட்டில் என்ன பழகுகிறார் என்று பார்க்க நான் அவர் வீட்டுக் கூரையில் குடியிருக்கவில்லை. உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசுகிறார். அதுதான் எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது.

உங்கள் கடிதத்தைப் பதிப்பாளர் ஜின்பெய்யிடம் வாசித்துக் காட்டினேன். தணிக்கைக்காரரிடம் முத்திரை வாங்குவது அவர் வேலை என்பதால் எதைக் கேட்டாலும் முதலில் பயப்படுவார்.

"நாடகப் பேரு ஏன் வேணாங்கிறாரு உங்க மாமா?"

"மலைக்குச் சீட்டு ஒட்டக்கூடாதாம்."

"வெளிர்நீலம், ஷிகிமி, மேல ஒரு கவிதை. கிவாம்மா, இதைப் பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"வயித்தைக் கிழிச்சுக்கப் போற பிரபுன்னு நெனப்பான்."

"ஒஸாகாவுல நடக்கிற நாடகத்தை எடோவுல எவன் பாத்தான்?"

ஆனாலும் சம்மதிக்க வைத்தேன். நாலு வருஷமாக உங்களை வரையாததற்குக் காரணம், நீங்கள் கண்ணெதிரே இல்லை என்பதுதான். ஞாபகத்திலிருந்து வரைவது எனக்கு வராது. இந்தத் தடவை முயற்சி செய்கிறேன்.

வழக்கம்போல அப்பாவின் கையெழுத்தில்தான் படம் வரும். அவர் செத்து ஆறு வருஷமானாலும் அந்தக் கையெழுத்துக்குத்தான் விற்பனை என்கிறார் ஜின்பெய்.

கிவா


ஒஸாகா
மூன்றாம் மாதம் எட்டாம் நாள்

கிவா,

டொமினோஜோ என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறான் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் முதுகில் பனிக்கட்டியைப் போட்டது மாதிரி இருந்தது. உயிரோடு இருக்கிற நடிகனை நாலு பேர் திட்டுவார்கள், அதுதான் வாழ்க்கை. நல்லபடியாகப் பேசுவது செத்தவனைப் பற்றித்தான். அப்படியானால் அவன் மனசுக்குள் என்னை எப்போதோ எரித்துச் சாம்பலாக்கிக் கோயிலில் வைத்துவிட்டான். நீ அந்தச் சடங்குக்குப் போயிருந்தாயா?

கண்ணாடி நண்டு இடது கொடுக்கைத் தூக்குகிறது என்பது வக்கணையான பதில். உன் அம்மாவும் இப்படித்தான், திருட்டு மாம்பழம் என்று கேட்டால் கொட்டையைப் பற்றிப் பேசுவாள். மாம்பழத்தை அவள் எங்கே கண்டாள் என்று கேட்காதே, நான் நாடகத்துக்காகச் சொன்னேன். பேரிப்பழம் என்று வைத்துக்கொள்.

எனக்குக் கொஞ்ச நாளாக இருமல். லேசான இருமல்தான். நேற்று இருமியதில் எதிர்வீட்டு ஜன்னல் பலகை கழன்று விழுந்தது, துறைமுகத்தில் ஒரு கப்பல் தானாக நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கவலைப்பட ஒன்றுமில்லை. வைத்தியர் மட்டும் ஏனோ என் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார்.

படம் எந்த நாளில் கடைக்கு வருகிறது என்று குறிப்பிட்டு எழுது. சும்மா கேட்டேன்.

மேற்றிசைக் கடலும் எழுந்து வணங்கும்,
மூன்றாம் ஹமாஜி ரொகுஸோ


ஒஸாகா
நான்காம் மாதம் இருபத்தேழாம் நாள்

கிவா,

நான் செத்துப்போன சேதி இன்று எனக்குப் பொதுக் குளியல் தொட்டியில் கிடைத்தது. கழுத்துவரை வெந்நீரில் உட்கார்ந்திருக்கிறேன். எடோவிலிருந்து திரும்பிய குடைக்கடைக்காரன் எதிரே இறங்கினான். இறங்கியவன் பாதியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, நீங்க போயிட்டீங்களாமே."

"எங்கடா?"

"அங்கதான்."

"போயிட்டு வெந்நீர்ல உக்காந்திருக்கேனா?"

"அதான் அண்ணே எனக்கும் புரியல. அங்க ஊரே அழுவுது. நானும் அழுதுட்டு வந்தேன்."

கரையேறியதும் மூட்டையை அவிழ்த்து உன் படத்தைக் காட்டினான். வெளிர்நீல உடுப்பில் நான். நாலு மூலையிலும் ஷிகிமி. என் கவிதை. அதுவரை சரி. பக்கத்தில் நான் எழுதாத வரிகள்: நான்காம் மாதம் மூன்றாம் நாள் மறைந்தார் என்று ஒரு தேதி, அதன் கீழே கோயிலில் வைக்கிற மரணப் பெயர், கையளவு நீளத்துக்கு. அந்த மூன்றாம் நாளில் நான் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மேடையில் வயிற்றைக் கிழித்துக்கொண்டது உண்மை. ஆனால் இரண்டு தடவையும் பிழைத்துவிட்டேன்.

இது யார் வேலை? வரைந்த கை உன்னுடையது. விற்ற கை ஜின்பெய்யுடையது. லாபம் யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. அவன் கண்ணாடிக்குள் நண்டை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

உடனே எழுது. எல்லாவற்றையும் எழுது. யார் முதலில் அழுதது? மீன் சந்தையில் கடையை மூடினார்களா, அல்லது பாதிக் கதவைத்தான் சாத்தினார்களா? பெண்கள் யாராவது முடியை வெட்டிக்கொண்டார்களா? கொட்டகை முதலாளி அழுதானா? எந்தக் கண்ணால்?

அநியாயமாகக் கொல்லப்பட்ட,
மூன்றாம் ஹமாஜி ரொகுஸோ


எடோ
ஐந்தாம் மாதம் பத்தாம் நாள்

மாமா,

உங்கள் கடிதம் வந்தபோது நான் உங்களுக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாசலில் நின்று அனுப்பியவர் பெயரை வாசித்தார். நெருப்பைத் தொடாமலே என் கை சுட்டது. கடிதத்தைத் திறக்கவே பயமாக இருந்தது, திறந்த பிறகு கோபமாக இருந்தது, இப்போது என்னவென்று தெரியவில்லை.

படம் நான்காம் மாதத் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. நாடகப் பெயர் இல்லை, உடுப்பு வெளிர்நீலம், மூலைக்கு மூலை ஷிகிமி; நடிகர் செத்தால் போடுகிற படம் அப்படித்தான் இருக்கும். கடை முன்னால் கூட்டம் கூடியது. பிறகு டோஃபு விற்கிறவர் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டாரா?"

"படமே போட்டாச்சு, பின்ன?"

"நாலு வருசம் ஊர்ல இல்லாதவன் சொல்லாம போயிட்டானே."

ஜின்பெய் வெளியே ஓடிவந்து, "ஐயா, இது நாடக வேஷம்யா" என்று கத்தினார். அழுகிறவர்கள் அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்று திட்டிக்கொண்டே ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். மத்தியானத்துக்கு மேல் அவர் கத்துவதை நிறுத்திவிட்டார்.

சில நாள் கழித்து, ஒஸாகாவிலிருந்து கடற்பாசி கொண்டுவருகிற வியாபாரி ஒருவர் கடையில் ஒரு மடித்த தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ரொகுஸோ இந்த நாளில் மறைந்தார், மரணப் பெயர் இது என்று அதில் இருந்தது. ஜின்பெய் ஓடி வந்து என்னிடம் காட்டினார். இருமல் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள், வைத்தியர் முகம் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் நம்பினேன். அச்சுப்பலகையில் இடம் தோண்டி அந்த எழுத்துகளைப் பதித்து இரண்டாம் பதிப்புப் போட்டார்கள். நீங்கள் பார்த்தது அதுதான்.

நான் மீன் தொடவில்லை. அம்மா உங்களை யொஸாகு என்றுதான் கூப்பிடுவாள். அந்த நீளப் பெயர் வாயில் நுழையாததால் யொஸாகு என்று சொல்லித்தான் விளக்கேற்றினேன். அப்பா செத்தபோதுகூட அவ்வளவு அழவில்லை. இந்த வீட்டில் செத்தவர் படங்களில் கையெழுத்துப் போடுகிறார், உயிரோடு இருப்பவருக்கு விளக்கு வைக்கிறோம்.

நீங்கள் கேட்டவை: முதலில் அழுதது டோஃபுக்காரர். மீன் சந்தை மூடவில்லை, ஆனால் கூவி விற்காமல் மெதுவாகச் சொல்லி விற்றார்கள். முடியை வெட்டியவள் ஒருத்தி. அது பேன் தொல்லையால் என்றும் ஒரு பேச்சு. கொட்டகை முதலாளி அழவில்லை. "செத்தவர் பேரு சும்மா கெடக்கக் கூடாது" என்றார். ஏழாம் மாதம், முன்னோர் விழா முடிந்த மறுநாள் மேடையில் டொமினோஜோ நான்காம் ரொகுஸோ ஆகிறார். பலகை எழுதியாகிவிட்டது. டொமினோஜோ நன்றாக அழுதார். அழுதுகொண்டே ஓரக்கண்ணால் யார் பார்க்கிறார்கள் என்றும் பார்த்தார். அது நீங்கள் கற்றுக்கொடுத்தது.

அந்தத் தாளை அனுப்பியது அவரா? எனக்குத் தெரியாது. உங்கள் அளவுக்குச் சந்தேகப்பட எனக்குப் பழக்கமில்லை. பழகிக்கொள்கிறேன்.

கிவா


ஒஸாகா
ஐந்தாம் மாதம் இருபத்துநாலாம் நாள்

கிவா,

மெதுவாகச் சொல்லி விற்றார்களா? மீன் சந்தையிலா? அந்தச் சந்தை பூகம்பத்தின்போதுகூட வாயை மூடியதில்லை. சரி, அது இருக்கட்டும்.

உன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்து விசாரணை நடத்தினேன். ஒன்று: இந்த வெளிர்நீலம் பகல்பூ என்ற பூவின் சாற்றில் எடுத்த நீலம். ஒரு வருஷ வெயிலில் வைக்கோல் நிறமாகிவிடும். பிணமாகக்கூட நான் நிலைக்கக் கூடாதென்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அடுத்தது: ஷிகிமிக் கிளைகளில் மூன்று என்னைப் பார்த்துக் குனிகின்றன, ஒன்று மட்டும் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. எடோவில் டொமினோஜோவின் வீடு எந்தப் பக்கம்? அப்புறம் என் சட்டைச் சின்னம். வட்டம் இருக்கிறது, நண்டும் இருக்கிறது, ஆனால் வட்டத்தின் கோடு ஒரு இடத்தில் மயிரிழை விட்டிருக்கிறது. நண்டு வெளியேறுவதற்கு வாசல் வைத்தாயா? செதுக்குபவனைச் சொல்லாதே. பாவம், அவன் தலையில்தான் எல்லாவற்றையும் போடுகிறாய்.

சுண்டுவிரல் உடுப்புக்குள் மறைந்திருக்கிறது. அதையும் கவனித்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கொட்டகையை விட்டு நான் இறங்கி நடந்தபோது என் பின்னால் வந்தவர்கள் என் குடையும் என் நிழலும்தான். டொமினோஜோ வாசல்வரை வந்து, மழை என்று திரும்பிவிட்டான். நீ வண்ணம் காயவில்லை என்று வரவேயில்லை. இந்த நாலு வருஷத்தில் எடோ என்னை நினைக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு என்ன வழி இருந்தது சொல்.

போகட்டும். என் பெயர் என்னிடம் வரவேண்டும். ஏழாம் மாதம் அந்தப் பட்டாபிஷேக நாளில், ஜனங்களின் நடுவே போகிற மேடைப்பாதையில் நான் நடந்து வருவேன். டொமினோஜோ மரியாதை உடுப்பில் நெற்றி தரையில் படக் குனிந்து, "இன்று முதல் ரொகுஸோ" என்று சொல்லும்போது நான், "இன்று வரை யாரப்பா?" என்பேன். அதன் பிறகு எடோவில் ஒரு தலைமுறைக்குப் பேச வேறு விஷயம் தேவைப்படாது.

அதற்கு முன்னால் உன் படம் கடையில் தொங்க வேண்டும். நான் நிற்கிறேன், உயிரோடு, வட்டத்துக்குள் நண்டோடு. மேலே 'ரொகுஸோ திரும்பினார்' என்று எழுது. படம் இல்லாமல் நான் வந்தால் எடோக்காரன் நம்பமாட்டான், சொந்த அம்மாவே வந்தாலும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற ஜாதி அது.

வட்டத்தை இந்தத் தடவை முழுசாகப் போடு.

சாவை ஒரு பொருட்டாக மதிக்காத,
மூன்றாம், மூன்றாம், மூன்றாம் ஹமாஜி ரொகுஸோ


எடோ
ஆறாம் மாதம் ஆறாம் நாள்

மாமா,

படம் இல்லாமல் வந்தால் நம்பமாட்டார்கள் என்பது சரி. உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு அஸகுஸாவில் ஏற்கெனவே இரண்டு பேர் ஓசியில் ஸாகே குடித்து உதை வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் உங்களைவிட உங்களைப் போல இருந்தாராம்.

சந்தேகப்படப் பழகிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தேன். பழகிக்கொண்டேன்.

இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொண்டு எங்கள் கோயில் குருக்களிடம் போனேன். மரணப் பெயரை அவர் சத்தமாக வாசித்தார்: 'சமுத்திரத்தை அமைதிப்படுத்தி, தாமரை மேகத்தில் வீற்றிருந்து, பதினாயிரம் இலையுதிர்காலம் ஒளிவீசும் பெருமாளிகைப் பெருமான்.' நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"யாரும்மா இவரு? ஏதாவது மாகாணத்தை ஆண்டவரா?"

"நடிகருங்க சாமி."

"நடிகருக்குக் கல்லுல ஒரு வரி தாண்டாது. பெருமாளிகைன்னு போட்டா பெரிய பிரபுக்கள் வீட்டு ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. எந்தக் கோயில்ல இதைக் குடுத்தாங்க?"

கோயில் பெயர் படத்தில் இல்லை. தாளிலும் இல்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். டொமினோஜோ வைத்திருந்தால் அவசரமாக, சின்னதாக வைத்திருப்பார். ஜின்பெய் என்றால் செதுக்குகிற கூலியை நினைத்து நாலெழுத்தில் முடித்திருப்பார். எதிரி ஒருவன் செய்திருந்தால் எங்கேயாவது ஒரு கஞ்சத்தனம் தெரிந்திருக்கும். இந்த ஜப்பான் தேசத்தில், உங்களைப் பற்றி இப்படி ஒரு பெயரை, வெட்கமில்லாமல், மூச்சு வாங்காமல் எழுதக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக நின்றது. நாடகப் பெயர் வேண்டாம் என்றீர்கள். படம் எந்த நாளில் வருகிறது என்று சும்மா கேட்டீர்கள். இருமினீர்கள். வேறு யாராக இருந்தாலும் செத்த சேதி வந்தால் கொன்றது யார் என்று துருவுவார்கள். நீங்கள் அழுதது யார் என்றுதான் துருவினீர்கள். கவிதையைக்கூட இப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன்.

எவ்வளவு அழுதேன் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

இனி நடக்கவேண்டியது. நீங்கள் ரொகுஸோவாகத் திரும்பி வந்தால், எங்கள் படம் பொய்ச் சேதி. பொய்ச் சேதி அச்சிட்டால் பலகைகளை உடைத்து எரிப்பார்கள், ஜின்பெய்யின் கையிலும் வரைந்தவரின் கையிலும் விலங்கு மாட்டி வீட்டில் உட்கார வைப்பார்கள். படத்தில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அப்பாவைத் தேடி யாரும் இடுகாட்டுக்குப் போகமாட்டார்கள், என்னைத் தேடித்தான் வருவார்கள். என் கைகளைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. நீங்கள் வராமல் இருந்தால் டொமினோஜோ ரொகுஸோ ஆவார், நீங்கள் ஒஸாகாவில் யாராகவும் இல்லாமல் இருப்பீர்கள். பெயரை எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் உரிமை இல்லை என்று சொல்லமாட்டேன்.

இதோடு ஒரு வரைவுத் தாள் வைத்திருக்கிறேன். நீங்கள் நிற்கிறீர்கள். உடுப்பின் விளிம்புவரை வரைந்திருக்கிறேன். அதற்குக் கீழே வெறும் தாள். சின்னம் வைக்கிற இடமும் வெறுமையாக இருக்கிறது. பேய்க்குக் கால் கிடையாது, அது நீங்கள் அறிந்ததுதான். கால் வைக்கட்டுமா, வேண்டாமா? அந்தத் தாளைக் கடற்பாசி வியாபாரியிடம் கொடுத்தது நீங்கள்தானா? இரண்டுக்கும் ஒரே பதில் போதும்.

கிவா


ஒஸாகா
ஆறாம் மாதம் பதினெட்டாம் நாள்

கிவா,

மரணப் பெயரை எழுதியவன் எவனோ, எழுத்து அழகு தெரிந்தவன் என்று மட்டும் சொல்லுவேன். அதற்கு மேல் அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

உன் வரைவைப் பார்த்தேன். என் தாடையை மெலிய வைத்திருக்கிறாய். ஞாபகத்திலிருந்து வரைய வராது என்று சொன்னவள் காது மடலில் இருக்கிற தழும்பைக்கூட விடவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெரிய தாள் வருகிறது. மையில் காலை நனைத்து அழுத்தினேன். தரை நாசமாகி, வீட்டுக்காரம்மாள் விளக்குமாற்றோடு நிற்கிறாள். அந்தக் கால்களை அப்படியே வை. வலது சுண்டுவிரல் எப்படி இருக்கிறதோ அப்படியே. செதுக்குபவன் நேராக்க வந்தால் அவன் உளியைப் பிடுங்கிவிடு.

'ரொகுஸோ திரும்பினார்' என்று எழுத வேண்டாம். உன் அம்மா என்னைக் கூப்பிடும் பெயரை எழுது. ரொகுஸோ நான்காம் மாதம் மூன்றாம் நாள் போய்விட்டார், படத்திலேயே இருக்கிறது. உங்கள் தணிக்கைக்காரர் அதில் ஒரு எழுத்தைக்கூடத் தப்பென்று சொல்ல முடியாது. ஏழாம் மாதம் எடோ கொட்டகைக்கு ஒஸாகாவிலிருந்து ஒரு கிழவன் வருகிறான். கோடைகாலம், பேய் நாடகங்கள் போடுவார்கள், பேய் வேஷம் கேட்பான். புதிய நான்காம் ரொகுஸோ அவனைப் பார்த்து என்ன சொல்கிறான் என்று நான் பார்க்க வேண்டும். கண்ணீர் விட்டால் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு விடுகிறான் என்றும் பார்க்க வேண்டும்.

சின்னத்துக்கு வெறும் நண்டு போடு. வட்டம் வேண்டாம். வட்டம் அவனுக்குப் போகட்டும், அவன் உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும். நண்டு பக்கவாட்டில்தான் நடக்கும், அதற்கு இடம் வேண்டும்.

ஜனங்கள் பெயரைப் பார்ப்பார்கள், யார் இது என்பார்கள். சின்னத்தைப் பார்ப்பார்கள், எந்த வீட்டுச் சீடன் என்பார்கள். அப்புறம் கீழே பார்ப்பார்கள். யாரும் சத்தம் போட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மெதுவாகச் சொல்லி வாங்குவார்கள்.

ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. பூனை வாலிலிருந்து கள்ளக்காதலைக் கண்டுபிடிக்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நீ. வெளிர்நீலத்தைக் கரைத்தபோதும், நாலு மூலைக்கும் ஷிகிமி வைத்தபோதும், ஜின்பெய் அவ்வளவு பயந்தபோதும் உன் கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லையா? பதில் எழுதாதே. நேரில் வந்து உன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன்.

விளக்கை எடுத்து வை. மீன் வாங்கி வை.

யொஸாகு